ஜொங்டோங் வழி: சியோலின் இரண்டு அரண்மனைகளுக்கு நடுவே ஓர் அரை நாள்

சியோல் மாநகரில் கியோங்ஹீகுங், டொக்சுகுங் என்னும் இரண்டு பழைய அரண்மனைகளுக்கு இடையே உள்ள தொலைவு ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். எங்கும் நிற்காமல் நடப்பவர் 25 நிமிடங்களில் இந்த வழியை முடித்துவிடலாம்; நின்று பார்க்கிறவருக்கு அரை நாள் வேண்டும். பிள்ளைகள் வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ கொரியாவில் இருப்பதால், அங்கே போய்ச் சில வாரங்கள் தங்கிவரும் பெற்றோர் நம் திருநெல்வேலிச் சீமையிலும் இருக்கிறார்கள். பிள்ளை அலுவலகம் போன பிறகு பகல்பொழுதில் எங்கே போவது, காசும் அதிகம் கரையாமல் காலும் நோகாமல் எதைப் பார்ப்பது என்று அவர்கள் கேட்கும்போது நான் முதலில் சொல்வது இந்த நடையைத்தான். அதில் எது தேறும், எது தேறாது என்பதைச் சற்று விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

வழிகாட்டி நூல்களும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களும் பெரும்பாலும் டொக்சுகுங்கில் தொடங்கி மேற்கு நோக்கி நடக்கச் சொல்வார்கள். சுரங்க ரயில் நிலையம் அந்த அரண்மனை வாசலை ஒட்டியே இருப்பதால் அது வசதி என்பது அவர்கள் கணக்கு. நான் மேற்கு முனையில் தொடங்கிக் கிழக்கே நடக்கச் சொல்கிறேன். முதற்காரணம் உடம்பைப் பற்றியது: கியோங்ஹீகுங் பக்கத்திலிருந்து பெருஞ்சாலையோரமாக ஒரு சிறு ஏற்றம் ஏறிவிட்டால், அதன்பின் டொக்சுகுங் வரையில் பெரும்பாலும் இறக்கம்தான். மற்றக் காரணம் இதைவிடப் பெரியது. ஒரு நாடு தன் அரசுரிமையைப் பறிகொடுத்த கதை இந்த ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்களாக நிற்கிறது. டொக்சுகுங்கில் தொடங்குகிறவர் அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, முன்கதை தெரியாமலே நடந்து, முடிவில் ஒரு வெற்று முற்றத்தில் போய் நின்று, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சலித்துக்கொள்வார். மேற்கிலிருந்து வருகிறவருக்கு அந்த வெறுமை முதலிலேயே வந்துவிடுகிறது. அது ஏன் வெறுமையாயிற்று என்பதற்கான விடை வழி நெடுகக் கிடைக்கிறது.

கியோங்ஹீகுங்கை ஓர் அரண்மனை என்று எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குவாங்ஹே மன்னர் காலத்தில், 1617-ல் கட்டத் தொடங்கிய இந்த மேலை அரண்மனையில் ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன. 1860-களில் அப்போதைய மன்னர் கோஜொங்கின் தந்தையான டேவோங்குன், நகரின் தலைமை அரண்மனையான கியோங்போக்குங்கை மீண்டும் எடுத்துக் கட்டியபோது, இங்கிருந்த கட்டடங்கள் பலவற்றைப் பிரித்து மரத்தையும் கல்லையும் அங்கே கொண்டுபோனார்கள். மிச்சமிருந்ததை ஜப்பானியர் ஆட்சி முடித்துவைத்தது. அரண்மனை மனையில் ஜப்பானியப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் எழுந்தது. அரியணை மண்டபம் விலைபோய், இன்று டோங்குக் பல்கலைக்கழக வளாகத்துக்குள் பௌத்த வழிபாட்டுக் கூடமாக இருக்கிறது. அரண்மனையில் நாம் பார்ப்பது பிற்காலத்தில் புதிதாகக் கட்டிய மண்டபம். வாயிற்கதை இன்னும் விசித்திரமானது. ஹுங்ஹ்வாமுன் என்ற அந்தப் பெருவாயிலை 1932-ல் பெயர்த்துக் கொண்டுபோய், கொரியாவை விழுங்கக் காரணமாயிருந்த ஜப்பானியத் தலைவர் இட்டோ ஹிரோபூமியின் நினைவாகக் கட்டிய கோயிலுக்கு வாசலாக வைத்தார்கள். விடுதலைக்குப் பின் அதே வாயில் ஒரு நட்சத்திர விடுதிக்கு முகப்பாயிற்று. 1988-ல்தான் அரண்மனைக்குத் திரும்பியது, அப்போதும் பழைய இடத்துக்கு அல்ல. இவ்வளவையும் தெரிந்துகொண்டு அந்த முற்றத்தில் நின்றால் வெறுமைக்கும் ஒரு பொருள் வந்துவிடுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, கூட்டமும் கிடையாது. கொரிய உடையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு படம் பிடிக்கவரும் கும்பல் மற்ற அரண்மனைகளில் நம்மை இடித்துத் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைதியே ஒரு வசதி. மேல்மண்டபங்களுக்குப் படியேற வேண்டும் என்பதால் முழங்கால் வலியுள்ளவர்கள் கீழ் முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பக்கத்திலேயே சியோல் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்கும் கட்டணமில்லை. முழுவதையும் பார்க்கப் புகுந்தால் நடை அங்கேயே முடிந்துவிடும் என்பதால், நகரம் முழுவதையும் 1,500-ல் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கும் மாதிரியை மட்டும் பார்த்துவிட்டு, கழிப்பறையையும் பயன்படுத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அங்கிருந்து பெருஞ்சாலையோரமாக ஏறிப்போனால் ஜொங்டோங் சந்திப்பு வரும். நகர மதிலின் மேற்கு வாயிலான டோனியிமுன் இங்கேதான் நின்றது. டிராம் பாதையை அகலப்படுத்துவதற்காக 1915-ல் ஜப்பானிய நிர்வாகம் அதை இடித்தது. நகரின் நான்கு பெருவாயில்களில் இன்றளவும் திரும்பக் கட்டப்படாதது இது ஒன்றுதான். பார்ப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை, வண்டிகளின் இரைச்சல் வேறு. இந்த நடையிலேயே சலிப்பூட்டுகிற பகுதி இதுதான். வழிகாட்டிப் பலகைகளும் இந்தச் சந்திப்பில்தான் மிகவும் குறைவு. சாலையைக் கடந்து, ஒரு நாளிதழ் அலுவலகக் கட்டடத்தின் பக்கமாகத் திரும்பியதும் இரைச்சல் பின்தங்கிவிடும். இருபுறமும் கிங்கோ மரங்கள் நிற்கும் ஜொங்டோங் சாலை தொடங்கிவிடும்.

இந்தச் சாலையில் சிறிது தூரம் வந்ததும் இடதுபுறம் ஒரு சந்து மேட்டின்மேல் ஏறுகிறது. நான் பார்த்தவரையில் பெரும்பாலோர் இதைக் கவனிக்காமல் நேரே போய்விடுகிறார்கள். மேட்டிலுள்ள சிறு பூங்காவில் மூன்றடுக்கு வெள்ளைக் கோபுரம் ஒன்று தனியே நிற்கிறது. சபாதின் என்ற ரஷ்யக் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1890-ல் எழுந்த ரஷ்யத் தூதரகத்தில், கொரியப் போருக்குப் பின் எஞ்சியது இந்தக் கோபுரம் மட்டுமே. 1895 அக்டோபரில் ஜப்பானியரின் ஏவலாட்கள் கியோங்போக்குங் அரண்மனைக்குள்ளேயே புகுந்து அரசி மியோங்சொங்கை வெட்டிக் கொன்றார்கள். தம் அரண்மனையிலேயே கைதிபோல ஆகிவிட்ட மன்னர் கோஜொங், 1896 பிப்ரவரி 11 அன்று, அந்தப்புரப் பெண்கள் ஏறும் பல்லக்கில் பட்டத்து இளவரசரோடு மறைந்து வெளியேறி, இந்தத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். ஓராண்டு காலம் கொரிய அரசு அயல்நாட்டுத் தூதரகம் ஒன்றின் வளாகத்திலிருந்து நடந்தது. கோபுரத்தை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும் என்றாலும், இந்த நடை முழுவதற்கும் திறவுகோல் இதுவே என்பது என் கருத்து. இதை விட்டுவிட்டுப் போகிறவருக்கு மற்றக் கட்டடங்கள் வெறும் செங்கல்தான். தனியார் ஏற்பாடு ஒன்றில் காசு கட்டிச் சேர்ந்துபோன ஒரு குழுவில், இந்தக் கோபுரத்தைச் சாலையில் நின்றபடியே கைகாட்டிவிட்டுக் காப்பிக்கடையில் முக்கால் மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள். பூங்காவிலிருந்து டொக்சுகுங் பக்கமாக இறங்கும் 120 மீட்டர் நடைபாதையை, மன்னர் போன வழி என்று சொல்லி 2018-ல் திறந்திருக்கிறார்கள். நேரமிருந்தால் அதிலும் கொஞ்ச தூரம் போய்வரலாம். ஆனால் அதிலேயே இறங்கிவிட்டால் கீழேயுள்ள பள்ளிக்கூடங்களும் திருச்சபையும் விடுபட்டுப் போகும்.

நெல்லைக்காரர்களுக்குச் சொந்த ஊரைப் பார்த்ததுபோல் இருக்கப்போவது இந்தக் கீழ்ப்பகுதிதான். மேரி ஸ்க்ரான்டன் என்ற அமெரிக்க மிஷன் அம்மையார் 1886-ல் ஒரே ஒரு மாணவியோடு தொடங்கிய இஹ்வா பெண்கள் பள்ளி சாலையின் வலப்புறம் இருக்கிறது. சற்றுத் தள்ளி, அப்பென்செல்லர் என்ற மெதடிஸ்ட் மிஷனரி 1885-ல் ஆண்பிள்ளைகளுக்குத் தொடங்கிய பைச்சாய் பள்ளியின் 1916-ம் ஆண்டுச் செங்கல் கட்டடம் இப்போது கட்டணமில்லாத அருங்காட்சியகமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, சாலைகள் கூடும் முக்கில், 1897-ல் கட்டிமுடித்த ஜொங்டோங் மெதடிஸ்ட் திருச்சபை சிவப்புச் செங்கலில் நிற்கிறது. கூட வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அண்ணாச்சி ஒருவர் அந்த முக்கில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "என்னய்யா, இது நம்ம பாளையங்கோட்டை மாதிரில்லா இருக்கு!" என்றார். மிஷனரி ரேனியஸ் 1820-ல் வந்திறங்கியதிலிருந்து ஊசிக் கோபுரத்தையும் சாராள் தக்கர் பெயரிலான கல்விச்சாலைகளையும் சுற்றி வளர்ந்த ஊரில் பிறந்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை; பள்ளி, கோயில், துரைமார் வீடு என்ற அதே அடுக்கு, அதே மர நிழல்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. நம் ஊருக்கு மிஷனரிகள் வந்தபோது கம்பெனியின் ஆட்சி ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. ஜொங்டோங்கில் அவர்கள் பள்ளி தொடங்கிய காலத்தில் கொரியா தன் மன்னரின் கீழ் இருந்தது. பைச்சாய் என்ற பெயரை வைத்தவரே கோஜொங்தான். பிறகு ஆளவந்தவர்கள் ஜப்பானியர் என்பதால் இந்தப் பள்ளிகளின் வகுப்பறைகளிலிருந்தே விடுதலைப் போராட்டத்துக்கு ஆட்கள் கிளம்பினார்கள். 1919 மார்ச் எழுச்சியில் சிறைப்பட்டு, மறு ஆண்டு பதினேழு வயதில் சிறையிலேயே மாண்ட யு குவான்சுன் இஹ்வா மாணவி. அவருடைய இறுதிச் சடங்கு நடந்தது இந்தச் செங்கல் திருச்சபையில். பைச்சாய் அருங்காட்சியகத்தில் அரைமணி நேரம் செலவிடுவது தகும். இஹ்வா இன்றும் நடக்கிற பள்ளி என்பதால் உள்ளே புக முயலாமல் வெளியிலிருந்து பார்ப்பதே முறை.

திருச்சபைக்குச் சற்று முன்பாகவே, நாடக அரங்கத்தை ஒட்டிய சந்துக்குள் ஜுங்மியோங்ஜொன் இருக்கிறது. இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். அரச நூலகமாகத் தொடங்கியது. வடிவமைத்தவர் மேலே சொன்ன அதே சபாதின். 1905 நவம்பர் 17 அன்று ஜப்பானியப் படை சுற்றி நிற்க, இட்டோ ஹிரோபூமி நேரில் உட்கார்ந்து, கொரியாவின் வெளியுறவு உரிமையை ஜப்பானிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கைக்கு அமைச்சர்களை இணங்கவைத்தது இந்தக் கட்டடத்தில்தான். கோஜொங் அதற்கு ஒப்புதல் தரவில்லை. இந்த அநியாயத்தை உலகத்துக்குச் சொல்ல 1907-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடிய சமாதான மாநாட்டுக்கு அவர் மூன்று தூதர்களை மறைவாக அனுப்பினார். மாநாட்டில் அவர்களை உள்ளே விடவில்லை, மன்னரை ஜப்பானியர் அரியணையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் வ.உ.சி. கைதான செய்தி கேட்டுத் திருநெல்வேலி கொந்தளித்தது என்பதை நினைத்துக்கொண்டால், இந்த ஆண்டுக் கணக்குகள் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் காலணியைப் போட்டுக்கொள்ள வேண்டும். உடன்படிக்கை மேசையை மாதிரி உருவங்களோடு அமைத்திருக்கிறார்கள். கட்டணமில்லை. சிறிய இடந்தான் என்றாலும், இந்த வழியில் ஒரே ஒரு கட்டடத்துக்குள்தான் போக நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

திருச்சபை முக்கிலிருந்து டொக்சுகுங்கின் கல்மதிலோரம் நடக்கும் பகுதிதான் படங்களில் அதிகம் வருவது. காதலர்கள் சேர்ந்து நடந்தால் பிரிந்துவிடுவார்கள் என்று இந்த மதிலைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. முன்பு மணவிலக்கு வழக்குகளை விசாரித்த நீதிமன்றம் இந்தப் பக்கம் இருந்ததுதான் அதற்குக் காரணம் என்றும் சொல்வார்கள். பழைய உச்ச நீதிமன்றத்தின் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் கட்டிய சியோல் கலை அருங்காட்சியகம் இங்கேதான் இருக்கிறது. மதிலின் ஒரு பகுதி பிரிட்டிஷ் தூதரகத்தின் எல்லைக்குள் அகப்பட்டுப் பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்து, 2017-லும் 2018-லும் இரண்டு தவணையாகத் திறந்தது. நிழலும் உட்காரக் கல்லிருக்கைகளும் இருப்பதால் வயதானவர்களுக்கு ஏற்ற இடம். ஐப்பசி மாதத்தில் போனால் கிங்கோ இலைகள் மஞ்சளாகிச் சாலை முழுவதும் கொட்டிக் கிடக்கும்; கூடவே அதன் பழங்களும் விழுந்து நசுங்கி, மூக்கைப் பிடித்துக்கொள்ளும்படி நாறும் என்பதைப் படம் போடுகிறவர்கள் சொல்வதில்லை.

நடை முடிகிற டொக்சுகுங்குக்கு 1,000 வொன் கட்டணம். நம் காசில் ஏறக்குறைய 60 ரூபாய். வழி முழுவதிலும் காசு கேட்கிற முக்கியமான இடம் இது ஒன்றே. ரஷ்யத் தூதரகத்திலிருந்து 1897-ல் வெளியே வந்த கோஜொங் இங்கே குடியேறி, அதே ஆண்டு அக்டோபரில் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார்; ஆட்சி பறிபோன பின்னும் இங்கேயே இருந்து, 1919 ஜனவரியில் இங்கேயே இறந்தார். மன்னர் இறந்ததும் எழுந்த கொந்தளிப்புத்தான் மார்ச் எழுச்சிக்குத் திரியாயிற்று. மரத்தாலான அரியணை மண்டபத்துக்குப் பக்கத்திலேயே, கிரேக்கத் தூண்கள் வரிசையிட்ட சொக்ஜோஜொன் என்னும் கல்மாளிகை நிற்பது முதலில் ஒட்டாததுபோல் தெரியும். ஹார்டிங் என்ற ஆங்கிலேயரின் வடிவமைப்பில் 1900-ல் தொடங்கி 1910-ல் அது முடிந்தது. முடிந்த ஆண்டிலேயே ஜப்பான் கொரியாவை இணைத்துக்கொண்டது. மேற்கத்திய நாடுகளுக்குச் சமமாக நிற்க விரும்பிய ஓர் அரசு எழுப்பிய மாளிகை, அந்த அரசே இல்லாமற்போகும்போது கட்டிமுடிந்தது என்பதை வழியெல்லாம் கதை படித்துக்கொண்டு வந்தவரால்தான் உணர முடியும். உள்ளறைகளைப் பார்க்க முன்பதிவு வேண்டும். பதிவு கிடைக்காவிட்டாலும் வெளிப்புறமும் தோட்டமும் போதும்.

சேவைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகர நிர்வாகமே கட்டணமில்லாமல் நடத்தும் நடைச் சுற்றுலாக்கள் உண்டு. சில நாள்களுக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், ஆங்கிலத்தில் விளக்குவார்கள். ஆங்கிலம் ஓரளவு பிடிபடுகிறவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறேன். தனியாருக்குக் காசு கொடுப்பதற்கு இந்த வழியில் தேவையே இல்லை. தமிழ் விளக்கம் எங்கும் கிடையாது என்பதால் பிள்ளைகளிடம் முதல் நாளே கதையைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. கூகுள் வரைபடம் கொரியாவில் நடைவழியைச் சரிவரக் காட்டுவதில்லை. நேவர் வரைபடத்தைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள், அதில் ஆங்கிலமும் உண்டு. கழிப்பறைகளுக்குக் காசு கேட்பதில்லை, சுத்தமும் குறைவில்லை. சாப்பாட்டில்தான் சைவக்காரர்களுக்குச் சோதனை. பிபிம்பாப் என்னும் காய்கறிச் சோற்றை இறைச்சியும் முட்டையும் இல்லாமல் கேட்டு வாங்கலாம். ஆனால் காய்கறிச் சாறு என்று தெரிகிற பலவற்றிலும் நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் அடிப்படை. கட்டுச்சோறு எடுத்துப்போய் மதிலோர இருக்கையில் சாப்பிட்டுவிடுவது சிக்கலில்லாத வழி. நம் வெயிலுக்குப் பழகியவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இதைத் தொடாமல் இருப்பது நல்லது. வெயில் பளீரென்று அடிக்கும்போதே தண்ணீர் உறைந்திருக்கும் ஊர் அது.

ஒரே இடத்தில் பெரிய மண்டபங்களும் நீண்ட மதில்களும் கண்ணை நிறைக்க வேண்டும் என்பவர்கள் இந்த நடையை விட்டுவிட்டுக் கியோங்போக்குங்குக்கே போகலாம், அதில் குறையொன்றுமில்லை. இந்த வழிக்கு வருகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று இரண்டு அரண்மனைகளும் ஜுங்மியோங்ஜொன்னும் மூடியிருக்கும். காலை பத்து மணிவாக்கில் கியோங்ஹீகுங்கில் தொடங்கினால், டொக்சுகுங்கின் டேஹன்முன் வாசலுக்குப் பிற்பகல் 2 மணிக்கு வந்து சேரலாம். அந்த நேரத்தில் வாசலுக்கு வெளியே நடக்கும் அரண்மனைக் காவலர் மாற்றத்தைச் சீட்டு வாங்காமலே பார்த்துவிட்டு, பிறகு சீட்டெடுத்து உள்ளே போகலாம். அரண்மனை இரவு 9 மணி வரை திறந்திருக்கும், 8 மணிக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். வெளியே வந்ததும் சிட்டி ஹால் நிலையத்தில் ஒன்றாம் தடத்து ரயிலைப் பிடித்துவிடலாம்.